போனவரின் பேரில் ஒரு பதிவு

பாலக்காட்டுப் பக்கம் முதலமடையில் மாம்பழ ஏற்றுமதி செய்துவந்த ஒருவரின் பாட்காஸ்டைக் கேட்டு, அதைத் தொழில் வட்டாரத்துக்கான சமூக வலைத்தளப் பதிவுகளாக எழுதித் தருவது என் வேலை. போன மாதம் அவர் மாரடைப்பில் போய்விட்டார்.

இன்று காலை அவர் மனைவி போன் செய்தார்.

“ஏனுங்க, அவரு பேசுனது இன்னும் மிச்சம் இருக்குதுங்களா?”

“இருக்குதுங்க. ஆனா இனி எதுக்குங்க?”

“கொஞ்சங் கொஞ்சமாப் போடுங்க. ஒரேயடியாத் தீத்துராதீங்க.”

மறுக்க முடியவில்லை. மாம்பூ கருகிய வருடத்தைச் சமாளித்த கதையை எடுத்து, அவர் பேரிலேயே போட்டேன். நடுவே அவர் இருமிக்கொண்டே சிரித்ததை மட்டும் எழுத்தில் கொண்டுவர முடியவில்லை.

மாலையில் முன்பின் தெரியாத ஒருவர் கீழே எழுதியிருந்தார்: “அருமை சார். அடுத்த வாரம் பாலக்காடு வர்றேன், பாக்கலாமா?”

அந்தக் கேள்விக்கு விழுந்த முதல் லைக், போனவரின் மனைவியுடையது.

நான் என்ன பதில் போடட்டும், யாராவது சொல்லுங்கள்.