அடி இலை

அந்த ஐந்து மாடிக் கட்டடத்தில் அவளைச் செடியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அலுவலகங்களுக்குச் செடிகளை வாடகைக்கு விடும் கம்பெனியில் பதினாறு வருஷ வேலை. தோள்பையில் கத்தரி, ஸ்பிரிட் பாட்டில், பழைய பனியன் துணி. வாரம் ஒரு நாள் மாடி மாடியாக ஏறி இலை துடைப்பாள். தொட்டிக்குள் யாரோ கவிழ்த்த டீயையும் செருகிய சூயிங்கத்தையும் தோண்டி எடுப்பாள். படித்தவர்கள் மேல் அவளுக்கிருந்த மரியாதை அந்தத் தொட்டிகளுக்குள்ளேயே புதைந்துபோயிற்று.

அதிலும் ஐந்தாம் மாடி மேனேஜர் அளவுக்கு அவள் யாரையும் துச்சமாக நினைத்ததில்லை. அவர் மேசையில் ஓர் ஊதா ஆர்க்கிட் இருந்தது. ஒரு நாள் அதன் அடி இலை மஞ்சளாகிவிட்டது. வந்திருந்தவர்கள் முன்னால் மனுஷன் குதித்தார்.

"என்னம்மா பாத்துக்கறீங்க? செடி சாகுது!"

"சாகலை சார். அடி இலைக்கு வயசாயிடுச்சு. தானா காஞ்சு விழும், விட்டுடுங்க."

"எனக்கே சொல்லித் தர்றீங்களா? தண்ணி பத்தலை. நான் படிச்சேன்."

படித்தாராம்! வேர் எது, தண்டு எது என்று கேட்டால் திருதிருவென்று முழிக்கிற ஆள்.

அடுத்த வாரம் மூன்று இலைகள் தொய்ந்து தொங்கின. வெளித்தொட்டியைச் சாய்த்தாள், நாற்றத்தோடு தண்ணீர் கொட்டியது. வேர்கள் ஊறிய காகிதம்போல விரலோடு வந்தன.

"யார் சார் இவ்வளவு ஊத்தினது?"

"நான் தொடவே இல்லையே."

பாதி காலியான தண்ணீர் பாட்டில் மேசையிலேயே இருந்தது. அவருடைய உதவியாளர் பெண் கூரையைப் பார்த்தாள். ஒரு செடிக்குப் பயந்து பொய் சொல்கிற மனுஷனையும் பெற்றுப் போட்டிருக்கிறார்களே என்று நினைத்தபடி, அழுகிய வேர்களை வெட்டிவிட்டுப் புது மரப்பட்டைத் துண்டுகளில் நட்டாள் செடியக்கா.

மறுநாள் மேனேஜர் மூன்று வார லீவில் போனார். திரும்பி வந்தபோது இலைகள் நிமிர்ந்திருந்தன. நடுவில் ஒரு குருத்து. எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டினார்.

"என் கவனிப்பு! செடிகூட மேனேஜ்மென்ட்டுக்குக் கட்டுப்படும்."

எல்லாரும் தலையாட்டினார்கள். செடியக்காவால் பொறுக்க முடியவில்லை.

"மூணு வாரமா நீங்க இல்லை சார். அதான் பொழச்சுது."

உதவியாளர் பெண்ணுக்குத் திடீரென்று இருமல் வந்தது. அன்று மாலையே கம்பெனிக்குப் புகார் போனது. "ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டுடேன்" என்று சூப்பர்வைசர் கெஞ்சிப் பார்த்தார். "அதுக்கு நான் கீழ்த்தளத்தையே பெருக்கறேன்" என்றாள். கீழ்த்தளத்து வரவேற்பறைச் செடிகளோடு அவளை நிறுத்திவிட்டார்கள். புருஷன்கூட, "உனக்கு வாய் ஜாஸ்தி" என்றான். "அவனுக்குக் கை ஜாஸ்தி" என்றாள்.

இரண்டு மாசம் கழித்து அந்த உதவியாளர் பெண் குப்பைப் பையோடு இறங்கி வந்தாள்.

"தூக்கிப் போடச் சொன்னார்க்கா. மனசு வரலை."

ஒற்றை இலை. குருத்து கறுத்து, தொட்டதும் கழன்று வந்தது. "நடுவுலயும் ஊத்தியிருக்கான் பாவி." வீட்டுக்குக் கொண்டுபோய் ஜன்னலோரம் வைத்து ஒரு மாசம் பார்த்தாள். பிழைக்கவில்லை.

அதற்கப்புறம் ஒரு நாள், காலித் தொட்டியைக் கழுவ மொட்டைமாடிக்குப் போகையில், லிஃப்டில் மேனேஜர் ஏறினார். அவளை அடையாளமே தெரியவில்லை.

"செடி கம்பெனியா? எனக்கு ஒரு நல்ல ஆர்க்கிட் அனுப்புங்க. முன்ன வந்த அம்மாவுக்கு ஒண்ணும் தெரியாது."

"உங்களுக்குக் கிடையாது சார்."

இரண்டாம் மாடியிலேயே இறங்கிக்கொண்டாள். தொட்டியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, மிச்ச மாடிகளைப் படியேறியே போனாள்.