போட்டதாகக் காட்டிய ஊசி

என் மகளுக்கு ஒன்பதாம் மாதத் தட்டம்மை ஊசி போட்டாகிவிட்டது என்று தேனி கிளினிக்கின் கணினி சொன்னது. அதைப் போடத்தான் அன்று நான் அவளைத் தூக்கிக்கொண்டு போயிருந்தேன்.

"போட்டதாக் காட்டுதேம்மா," என்றார் நர்ஸ்.

உடன் வந்த மாமியார் என்னைப் பார்த்தார். "எம்சிஏ படிச்சவளுக்கு, பெத்த பிள்ளைக்கு ஊசி போட்டது மறந்து போச்சாக்கும்?"

தூங்காத மாதங்கள். ஒருவேளை வந்திருந்தேனோ? கம்ப்யூட்டர் வந்தபின் அங்கே தடுப்பூசி அட்டையில் எழுதுவதை விட்டுவிட்டார்கள். என் கையில் சாட்சி எதுவும் இல்லை.

அப்புறம்தான் திரையில் 'முகாம், குச்சனூர்' என்றிருந்ததைக் கவனித்தேன். அங்கே ஊசி போட்டுக்கொண்டது கொழுந்தனார் மகள். இரண்டு பிள்ளைகளுக்கும் குலதெய்வத்தின் பெயர். அப்பாக்கள் இருவர் பெயரும் அதே தெய்வத்தில்தான் தொடங்கும், இனிஷியலும் ஒன்று. எங்கள் வீட்டில் எந்தப் படிவத்திலும் மாமனாரின் போன் நம்பர்தான்.

அந்த மென்பொருளைச் செய்தது பிரசவத்துக்கு முன் நான் வேலை பார்த்த கம்பெனி. சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டது நான். மாமியாருக்கு அது தெரியாது.

குழந்தைகள் ஒரு அட்டவணையில், ஊசிகள் இன்னொன்றில். இரண்டையும் இணைத்தது பெயரும் போன் நம்பரும் மட்டும். குழந்தைக்குக் குழந்தை தனி எண் இருக்க வேண்டும்; தவறான பதிவு எந்த வழியாக வந்தாலும் டேட்டாபேஸே அதைத் தடுக்க வேண்டும். அப்போதுதான் அது 'ரிலேஷனல்'. எங்களுடையதில் காவல் எல்லாம் கையால் பதியும் திரையோடு சரி. முகாம் பட்டியலை எக்செலிலிருந்து நேரே ஏற்றினால் கேட்க ஆளில்லை.

"இதை ரிலேஷனல்னு சொல்ல முடியாது சார்," என்று அப்போதே முதலாளியிடம் சொன்னேன்.

"டேபிள் இருக்குல்லம்மா? அப்புறம் என்ன? பாடப் புத்தகத்தப் பிரசவத்துக்கு எடுத்துட்டுப் போங்க, பொழுது போகும்."

பக்கத்து மேசைகளில் சிரித்தார்கள். எனக்கு ஏழு மாதம். விடுப்புக் கடிதம் அவர் முன்னால் கையெழுத்தாகாமல் கிடந்தது. சரிபார்ப்புப் படிவத்தில் 'ரிலேஷனல்' என்ற கட்டத்தில் டிக் போட்டேன்.

பெயர்க் குழப்பத்தை எல்லோரிடமும் எடுத்துச் சொன்னேன். கூடுதலாக ஒன்று போட்டாலும் கெடுதல் இல்லை என்று டாக்டர் சொல்லி ஊசி போட்டார். மகள் வீறிட்டாள். அவள் பெயரில் இப்போது இரண்டு ஊசி. மற்றவள் பெயரில் ஒன்றுமில்லை.

பஸ் ஸ்டாண்டில் மாமியார் என் ஓரகத்திக்குப் போன் போட்டார். "உம் பிள்ளைக்குப் போட்டது இங்கன இவ பேருல ஏறிக் கெடக்கு. மறுபடி குத்த விட்றாத. எந்த மடப்பய எழுதுன கம்ப்யூட்டரோ!" என்னைத் திரும்பிப் பார்த்தார். "என்னத்தா, நாஞ் சொல்றது?"

ஊசி குத்திய மகளின் தோளிலிருந்து கையை எடுக்காமல், "ஆமாத்தை," என்றேன்.