உத்தரத்தில் செருகிய இலை

சென்ற ஐப்பசி, கந்தசஷ்டி விரதத்தின் நாலாம் நாள். இத்தாலியின் பலெர்மோ நகரில், கால்சாப் பகுதியில், ஒல்லாந்து நாட்டு மூதாட்டி ஒருவரைப் பராமரிக்கும் வேலை எனக்கு. இத்தாலிய வழக்கப்படி அவரைச் 'சின்யோரா' என்றே அழைப்பேன். அதே நகரின் சீசா பகுதியில் நானும் கணவரும் இருந்த வாடகை வீட்டை மாத முடிவில் விடச் சொல்லிவிட்டார்கள். வேலை முடிந்து வீடு தேடி அலைவேன். என் முகத்தைக் கண்டதும் வீட்டுக்காரர்கள், "ஆள் வந்தாயிற்று" என்பார்கள். அதைக் கேட்டுக் கேட்டு ஓய்ந்துபோயிருந்தேன்.

சின்யோராவின் பின்னறை சும்மா கிடந்தது.

"கேளுமன். வாய்க்குள்ளை என்ன, கொழுக்கட்டையே?" என்பார் கணவர்.

"ஓம், நாளைக்குக் கேக்கிறன்."

மறுத்துவிட்டால் பிறகு எப்படி முகம் பார்த்து வேலை செய்வது?

சின்யோராவின் பெருமையெல்லாம், ஒல்லாந்தில் அவர் தாய் கடைசிக் காலத்தைக் கழித்த தருமவிடுதிதான். முற்றத்தைச் சுற்றிச் சின்னஞ்சிறு வீடுகள். சமயத்துக்காக ஊரைவிட்டு ஓடிவந்தவர்களுக்கென்று முந்நூறு வருடங்களுக்கு மேல் முன்பு கட்டியது. பழைய வரலாறு வாசிக்கும் பழக்கம் எனக்கும் உண்டு. அந்தக் காலத்தில் ஒல்லாந்தர் எங்கள் யாழ்ப்பாணத்தில் என்ன செய்தார்கள் என்று நான் வாய் திறந்ததில்லை.

அன்று மத்தியானம் சமையலறையில் இலை போட்டு ஒருவேளைச் சோற்றைச் சாப்பிட்டேன். இலையைச் சுருட்டி உத்தரத்து இடுக்கில் செருகும்போது, முதல்நாள் இலை வாடி விழுந்தது. கைத்தடியோடு சின்யோரா வாசலில் நின்றார்.

"எலி என்று நினைத்தேன். நீயா? குப்பைத்தொட்டி எதற்கு இருக்கிறது?"

சொல்லத்தான் வேண்டியிருந்தது. எங்கள் ஊரில் விரதம் பிடித்தால் தண்டனை என்றிருந்த காலத்தில், சாப்பிட்ட இலையைக் கூரை இறவாரத்தில் ஒளிப்பார்களாம். பயம் போய்ப் பழக்கம் மிஞ்சிவிட்டது என்றேன்.

"யார் தண்டித்தார்கள்?"

பொய் சொல்லவும் தெம்பில்லை. "முதலில் போர்த்துக்கேயர். பிறகு உங்கள் ஆட்கள்."

வேலை போயிற்று என்றே நினைத்தேன். சின்யோரா கதிரையை இழுத்து அமர்ந்தார்.

"அம்மாவின் விடுதியிலும் எங்கள் சபையாருக்கு மட்டுந்தான் இடம்," என்றார். "வேறு சபையார் வந்தால், 'ஆள் வந்தாயிற்று' என்று சொல்லிவிடுவார்கள்."

கைத்தடியை மேசையில் சாய்த்துவிட்டு, "உனக்கு வீடு கிடைத்ததா?" என்றார். நான் அலைவது தெரிந்திருக்கிறது.

"இல்லை."

"பின்னறையில் ஒரு கட்டில்தான். போதுமா என்று உன் கணவனைக் கேள். உத்தரத்தில் மட்டும் இலை வேண்டாம், எறும்பு வரும்."

இப்போது அந்த அறையில்தான் இருக்கிறோம். விரத நாளில் இலையைத் தொட்டியில்தான் போடுகிறேன். ஆனாலும் ஒவ்வொரு முறையும் கை முதலில் உத்தரத்தை நோக்கியே உயர்கிறது, புகலிடம் கிடைத்துவிட்டது என்பதை அது இன்னும் நம்பவில்லை போலும்.