தயாளினி ரீச்சருக்குத் தொண்டை கட்டியது

எங்கள் பள்ளிக்கூடத்தில் தயாளினி ரீச்சருக்கென்று வகுப்பு இல்லை, ஒரு கதிரைதான் இருந்தது. இங்கிலிஷில் படிப்பிக்கும் சின்னத் தனியார் பள்ளிக்கூடம் எங்களுடையது. வீட்டில் தமிழ் மட்டும் கதைக்கிற பிள்ளைகள் புதிதாக வந்து திருதிருவென்று முழிக்கும்போது, அவர் அந்தக் கதிரையைப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்துகொள்வார். பிள்ளை அவர் காதுக்குள் தமிழில் சொல்லும். அவர் அதை இங்கிலிஷில் மெல்லச் சொல்லிக்கொடுப்பார். பிள்ளை அதை உரக்கத் திருப்பிச் சொல்லவேண்டும். தேறிவிட்டால் கதிரை அடுத்த பிள்ளையிடம் போய்விடும். தேறிய பிள்ளைகள் பிறகு அவரைத் திரும்பியும் பார்ப்பதில்லை. பிள்ளைகள் அப்படித்தான், என்னத்தைச் சொல்ல.

ஐம்பது தாண்டிய மனுஷி. கலியாணம் இல்லை, ஒரே தம்பி கனடாவில். உட்துறைமுக வீதிப் பக்கம் ஒரு வாடகை அறை. வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடம் விட்டால் திங்கள் காலைவரை அவருக்குக் கதைக்க ஆளில்லை. அதையெல்லாம் சேர்த்துவைத்து ஆசிரியர் அறையில் எங்களிடம் கொட்டுவார். மீன் விலை, பஸ்காரனின் திமிர், ஊருக்குள் திரிந்து வாசல் பூச்செடியைத் தின்ற மான் என்று வாய் ஓயாது. நான் இரண்டாம் வகுப்பு ரீச்சர், பொறுமை மட்டு. எத்தனையோ தரம் மூஞ்சியைத் திருப்பிக்கொண்டு கொப்பி திருத்தியிருக்கிறேன்.

என் வகுப்புக்குக் கிண்ணியாவிலிருந்து றஹ்மா வந்தாள். காதுக்குள் கிசுகிசுப்பாள், உரக்கச் சொல்ல மாட்டாள். பாவம் பார்த்துத் தயாளினி ரீச்சரே அவளுக்காகச் சொல்லத் தொடங்கினார். எனக்கும் வேலை சுகம், விட்டுவிட்டேன். போகப்போக றஹ்மாவிடம் ஏதாவது கேட்க வேண்டுமென்றால், வகுப்பே ரீச்சரின் முகத்தைத்தான் பார்த்தது.

வருடக் கடைசியில் ஒவ்வொரு பிள்ளையும் அதிபர் முன்னால் தனியாக நின்று, ஒரு படத்தைப் பார்த்து இங்கிலிஷில் கதைக்கவேண்டும். கதைக்காவிட்டால் அதே வகுப்புத்தான். றஹ்மாவின் தம்பி அர்ஷாக் முதலாம் வகுப்பில் இருந்தான். அவள் தேறாவிட்டால் வருகிற வருடம் அக்காவும் தம்பியும் ஒரே வகுப்பில், ஒரே வாங்கில். தகப்பன் கலீலுர் றஹ்மான் வந்து எங்கள் இருவர் முன்னாலும் நின்றார்.

“தம்பியோட ஒண்டா இருக்க ஏலாதெண்டு புள்ள சாப்பிடுதுமில்ல, ரீச்சர்.”

தயாளினி ரீச்சர் அன்றைக்கு ஆசிரியர் அறைப் பக்கமே வராமல் நேரே வீட்டுக்குப் போனார்.

திங்கட்கிழமை, அந்தக் கொதிக்கிற வெயிலில், கழுத்தில் கம்பளித் துண்டைச் சுற்றிக்கொண்டு வந்தார். தொண்டையைத் தொட்டுக் காட்டிக் கையை விரித்தார். கதைக்கக்கூடாதாம். அப்பாடா என்று இருந்தது எனக்கு, பொய் சொல்வானேன்.

றஹ்மா கிசுகிசுத்தாள். ரீச்சர் தொண்டையைக் காட்டித் தலையாட்டினார். பிள்ளை அழுதாள். நோயோடு ஏன் வந்து பிள்ளையைப் படுத்துகிறார் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அடுத்த நாள் அவர் றஹ்மாவிடம் தண்ணீர் முடிந்த போத்தலைக் காட்டினார், பிறகு என்னைக் காட்டினார். றஹ்மா வந்து என் சேலையைப் பிடித்து இழுத்தாள். என்ன வேண்டும் என்று பழக்கதோஷத்தில் இங்கிலிஷில் கேட்டுவிட்டேன். பிள்ளை திரும்பிப் பார்த்தாள். ரீச்சர் இருமிக்கொண்டிருந்தார். கடைசியில், ரீச்சருக்குத் தண்ணீர் என்று இங்கிலிஷில் ஒரு மெல்லிய குரல் வந்தது. வகுப்பு முழுக்கக் கேட்டது.

பிறகு யன்னலைப் பூட்டச் சொல்லவும் மின்விசிறி போடச் சொல்லவும் அவள்தான். கிழமை முடிவதற்குள், ரீச்சர் உங்களைச் சத்தம் போட வேண்டாமாம் என்று மற்றப் பிள்ளைகளை அதட்டினாள். ரீச்சர் அப்படி ஒன்றும் காட்டவே இல்லை.

வெள்ளி பின்னேரம், தொண்டைக்கு நல்லதென்று கொத்தமல்லி அவித்துக்கொண்டு அவர் அறைக்குப் போனேன். வாசலில் நின்று கூப்பிட்டேன்.

“வாங்கோ, கதவு திறந்துதான் கிடக்கு” என்று கணீரென்று கேட்டது.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. “உங்களுக்கென்ன விசரா? எனக்கெண்டாலும் சொல்லியிருக்கலாமே.”

“உங்களோட கதைச்சால் பிறகு வகுப்பிலயும் வாய் வந்திடும். அதுதான் ஒருத்தரோடயும் கதைக்கேல்லை.”

கனடாவிலிருந்து தம்பி தொலைபேசியில் கூப்பிட்டும் எடுக்கவில்லையாம். கதைப்பதற்கு அவருக்கு இருந்த ஒரே இடம் பள்ளிக்கூடம். அங்கேயும் வாயைக் கட்டிக்கொண்டு, இங்கே வந்து சுவரைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறார். அன்றைக்கு அவர் இருட்டும்வரை கதைத்தார், நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

வருடக் கடைசியில் றஹ்மா அதிபர் முன்னால் தனியாக நின்று படத்தைப் பார்த்துக் கதைத்தாள். திக்கினாள், நிறுத்தவில்லை. அதிபர் தேறிவிட்டதாகச் சொன்னார். தயாளினி ரீச்சர் வெளியே விறாந்தையில் துண்டோடு நின்றார்.

மறுநாள் துண்டைக் கழற்றிவிட்டு, கதிரையைத் தூக்கிக்கொண்டு றஹ்மாவிடம் போனார். றஹ்மா நிமிர்ந்து பார்த்துச் சிரித்தாள். வேண்டாம் ரீச்சர், இனி நானே செய்வேன் என்று இங்கிலிஷில் சொல்லிவிட்டு, பக்கத்துப் பிள்ளையிடம் திரும்பிக்கொண்டாள். அந்த மாதம் எந்த வகுப்பிலும் புதுப் பிள்ளை இல்லை. ரீச்சர் கதிரையைக் கொண்டுபோய் ஆசிரியர் அறையில் போட்டார்.

இடைவேளையில் நானாகவே போய்ப் பக்கத்தில் இருந்தேன்.

“வேண்டாமெண்டு ஒரு பிழையும் விடாமல் சொன்னவள், கேட்டனீங்களோ?” என்றார். சந்தோஷமாகத்தான் சொன்னார். பிறகு அழுதார்.