கண்ணாடி அலமாரிக்குள் மூன்று பந்துகள்

எங்கள் எஸ்டேட் அங்கன்வாடியில் மூன்று பந்துகள் இருக்கின்றன. சிவப்பு, நீலம், மஞ்சள். பஞ்சாயத்திலிருந்து வந்தவை. வந்த நாள் முதல் பிளாஸ்டிக் கவரோடு கண்ணாடி அலமாரிக்குள் உட்கார்ந்திருக்கின்றன. பிள்ளைகள் கண்ணாடியில் மூக்கை அழுத்திப் பார்த்துவிட்டுப் பாய்க்குத் திரும்பும். நாய் பெற்ற தெங்கம்பழம் என்பார்களே, அதுதான்.

இதற்கு ஏன் இத்தனை ஆத்திரம் என்று கேட்கலாம். என் மகளுக்கு மூன்று வயது முடிந்தும் பேச்சு வரவில்லை. வேண்டியதை நம் கையைப் பிடித்து இழுத்துக் காட்டுவாள். காது நன்றாகக் கேட்கிறது என்று மூணாறு ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். அங்கே பேச்சுப் பயிற்சி தரும் பெண் ஒரு பந்தை அவளிடம் உருட்டிவிட்டுக் காத்திருந்தார். அவள் திருப்பி உருட்டியதும், "பேச்சும் இதே மாதிரிதாங்க. ஒருத்தர் சொல்லணும், மத்தவங்க கேட்டுட்டுத் திருப்பிச் சொல்லணும். தினமும் விளையாடுங்க. மத்த பிள்ளைகளோடயும் விளையாட விடுங்க" என்றார்.

ஒரு பந்து வாங்கி வந்து விளையாடினோம். எங்கள் லயத்து வீட்டு வரிசைக்கு முன்னால் முழுக்கச் சரிவு. சமவெளிக்காரர்கள் வந்தால் மேலே நின்று கீழே வீசிவிட்டு ஓடைவரை பந்தைத் துரத்துவார்கள். எங்கள் பிள்ளைகள் கீழே நின்று மேலே போடும். மேலே நிற்பவர் பிடிக்கத் தவறினாலும் சரிவு பந்தைத் திருப்பிக் கொடுத்துவிடும். மகள் கீழே, நான் மேலே. பந்து வரும் வழியைப் பார்த்து முன்னதாகவே கையை நீட்டக் கற்றாள். என் முகத்தைப் பார்த்துக் காத்திருக்கக் கற்றாள். அதுவரை அவள் என் முகத்தை நேராகப் பார்த்ததே அபூர்வம். ஒரு மாலை நான் வேண்டுமென்றே பந்தை வைத்துக்கொண்டு சும்மா நின்றேன். "போடு" என்றாள். நான் அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

ஆனால் பகல் முழுக்க நான் தேயிலைக் கொழுந்து எடுக்கப் போய்விடுகிறேன். அவள் இருப்பது அங்கன்வாடியில். பந்தை எடுத்துக் கொடுக்கும்படி டீச்சரிடம் கேட்டேன். அவர் கீழே பஜாரிலிருந்து வருகிறவர்.

"சரிவுல உருண்டு போயிரும். ஒண்ணு குறைஞ்சாலும் நான்தான் சமாதானம் சொல்லணும். சூப்பர்வைசர் வரும்போது எடுப்போம்" என்றார்.

"கீழ நின்னு மேல போடச் சொன்னா எங்கயும் போகாது டீச்சர்" என்றேன். கேட்டால்தானே. வீட்டுப் பந்தைக் கொடுத்தனுப்பினேன். அதையும் அலமாரி மேல் வைத்திருந்து மாலையில் பத்திரமாகத் திருப்பிக் கொடுத்தார்.

அம்மாமார் கூட்டத்தில் பேசிப் பார்த்தேன். அங்கே எரிகிற தீயில் எண்ணெய். "வெளாடவா அனுப்புதோம்? ஏபிசிடி சொல்லிக் குடுக்கச் சொல்லு. இல்லன்னா இதுகளும் நம்மள மாதிரி கொழுந்துதான் கிள்ளணும்" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. அவளைக் கோபிக்கவும் முடியவில்லை. அந்தப் பயம் எனக்கும் உண்டு. ஆனால் இந்த வயதுக்குப் பந்துதான் படிப்பு என்று எத்தனை தடவை தொண்டை கிழியச் சொல்வது?

அங்கன்வாடிகளைப் பார்வையிடும் சூப்பர்வைசர் வருகிற அன்று அரை நாள் லீவு போட்டுவிட்டுப் போனேன். அலமாரி திறந்தது. கவர் பிரிந்தது. பிள்ளைகளை முற்றத்தில் வரிசையாக நிறுத்தி, போட்டோவுக்காகப் பந்தைக் கையில் கொடுத்தார்கள். "நெஞ்சோட சேத்துப் பிடிங்க. யாரும் போடக்கூடாது" என்றார் டீச்சர். பிள்ளை கையில் பந்தைக் கொடுத்துவிட்டுப் போடாதே என்று சொல்ல எப்படித்தான் மனசு வந்ததோ.

சிவப்புப் பந்து என் மகளிடம். அவள் வரிசையை விட்டு விறுவிறுவென்று முற்றத்தின் கீழ்ப்பக்கம் போய் நின்றாள். மேலே போனும் கையுமாக நின்ற சூப்பர்வைசரைப் பார்த்து வீசினாள். பந்து அவர் காலில் பட்டு அவளிடமே உருண்டு வந்தது. மறுபடி வீசினாள். இந்தத் தடவை அவர் குனிந்து பிடித்துக்கொண்டார். அவள் அவர் முகத்தையே பார்த்தாள். "நீ போடு" என்றாள். இரண்டு சொல்லைச் சேர்த்து அவள் பேசியது அதுதான் முதல் தடவை.

"மிடுக்கி" என்று மலையாளத்தில் மெச்சிச் சிரித்தார் சூப்பர்வைசர். பந்தை அவர் போடவில்லை. டீச்சரிடம் கொடுத்தார். டீச்சர் மண்ணைத் துடைத்து, கவரில் போட்டு, அலமாரியைப் பூட்டினார். மிடுக்கியாம், கெட்டிக்காரியாம்.

மறுநாள் காலை அவளைக் கொண்டுபோய் விட்டேன். நேரே அலமாரி முன்னால் போய் நின்றாள். "நீ போடு" என்று கண்ணாடியிடம் சொல்லிவிட்டு இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு காத்திருந்தாள். நான் கொழுந்துக்குக் கிளம்பும்வரை அந்தக் கைகளை அவள் இறக்கவில்லை.