பெரியம்மா குடிக்காத தண்ணீர்

பழைய பஞ்சாங்கம் ஒன்றின் ஓரத்தில் அப்பா பென்சிலால் எழுதியிருக்கிறார்: "ஆடி, பூரம். உச்சிக்குப் பின் பெண் மகவு. தாய் சுகம்." வருடம் இருந்த அட்டை கிழிந்துவிட்டது. உலக யுத்தம் நடந்துகொண்டிருந்தது, எனக்கு எட்டு வயது என்பது மட்டும் நிச்சயம்.

அப்போது இலத்தூரில் மேலத்தெருவான எங்களுக்கும் கீழத்தெருவுக்கும் மடைத் தகராறு. யார் வயலுக்கு முதலில் தண்ணீர் என்று தொடங்கி, கீழத்தெருக்காரர் ஒருவர் அப்பாவின் இடது கையை ஒடித்ததில் வந்து நின்றது. அதன்பின் ஒரு தெருவில் மற்றத் தெருவார் வாய் நனைப்பதில்லை. இரண்டுக்குள்ளும் போய்வந்தவள் அம்மாவின் அக்கா மட்டுமே. தென்காசி ஆஸ்பத்திரியில் பிரசவம் பார்க்கப் பழகியவள். இரு தெருவுக்கும் நடுவே தேரடியில் தனியாக இருந்தாள். யார் முதலில் கூப்பிடுகிறார்களோ அங்கே முதலில் போவாள்.

சாரல் விழுந்துகொண்டிருந்த காலையில் அம்மாவுக்கு வலி கண்டது. நான் ஓடினேன். தேரடியில், அப்பாவின் கையை ஒடித்தவர் வீட்டு வண்டி நின்றது. பெரியம்மா பையோடு ஏறிக்கொண்டிருந்தாள்.

"பெரியம்மா, அம்மைக்கு வலி எடுத்துட்டு."

"இவுக முந்தி வந்துட்டாக ஏட்டி. போயி வெந்நி போடச் சொல்லு. வாரேன்."

வீட்டில் சித்தப்பா கம்பை எடுத்தார். "கூடப்பொறந்தவ இங்கன துடிக்கா. அவ அங்கன போயி பிள்ள எடுக்காளாம். நான் போயி இழுத்துட்டு வாரேன்."

உள்ளிருந்து அம்மாவின் குரல் வந்தது. "ஏட்டி, அந்தக் கம்பு வாசலத் தாண்டிச்சுன்னா நான் எந்திரிச்சு வந்து குறுக்க படுத்துக்கிடுவேன்னு சொல்லு."

சித்தப்பா உட்கார்ந்தார், கம்பை விடவில்லை. வெந்நீர் ஆறி, மறுபடி கொதித்தது. அம்மாவின் குரல் தேய்ந்துகொண்டே வந்தது. அது நின்றுவிடுமோ என்று கதவில் காதை வைத்தபடி இருந்தேன்.

உச்சி சாய்கையில் அதே வண்டி எங்கள் தெருவுக்குள் பெரியம்மாவைக் கொண்டுவந்தது. ஓட்டியவன் அப்பாவின் கையை ஒடித்தவரின் தம்பி. ஆண்கள் சூழ்ந்துகொண்டார்கள். பெரியம்மா இறங்கி நுகத்தடியைப் பிடித்தபடி நின்றாள்.

"என்ன நம்பி வந்த பய. இவன் தெருவத் தாண்டுதத பாத்துட்டுத்தான் உள்ள வருவேன்."

"மதினி, உள்ள கெடக்கது உங்க தங்கச்சி" என்றார் அப்பா.

"தெரியும்."

அம்மா ஒருமுறை கத்தினாள். அப்பா நல்ல கையால் மாட்டைப் பிடித்துத் திருப்பி, தெருமுனைவரை தாமே நடத்திச் சென்றார். வண்டி மறைந்த பிறகே பெரியம்மா படியேறினாள்.

தங்கை பிறந்தாள். வெளியே வந்த பெரியம்மாவிடம் செம்பில் தண்ணீர் நீட்டினேன். "வேண்டாம் ஏட்டி" என்றாள். பையிலிருந்த தன் தண்ணீர்க் குப்பியைக் கவிழ்த்துப் பார்த்தாள், சொட்டு இல்லை. உதட்டைத் துடைத்துக்கொண்டு சாரலில் நடந்து போனாள்.

எங்கள் மேல் அவளுக்கு வெறுப்பு என்றே முடிவுகட்டினேன். தேரடிப் பக்கம் வெகுநாள் போகவில்லை. பின்னாளில், யுத்தத்தில் இரு தரப்புக் கைதிகளுக்கும் மருந்து கொண்டுபோன நடுநிலை நாட்டுக் கப்பல்களைப் பற்றிப் பத்திரிகையில் படித்தபோதுதான் அந்தச் செம்பு நினைவுக்கு வந்தது; கீழத்தெருவிலும் அவள் இப்படித்தான் மறுத்திருப்பாளோ என்று தோன்றியது.

கீழத்தெருவில் அன்று அவள் மோர் குடித்தாள் என்று சித்தப்பா கடைசிவரை சொல்லிவந்தார். எங்கள் வீட்டில் காப்பி குடித்தாள் என்று கீழத்தெருவில் ஒரு பேச்சு உண்டு. இரண்டாவது பொய் என்பது எனக்குத் தெரியும். முதலாவதை இதுவரை சரிபார்க்க முடியவில்லை.