இருபது நிமிடங்களை மறைக்காதவர்

செவ்வாய்க்கிழமை காலை, குருநகரிலிருந்து றெஜினா ஆசிரியையின் தங்கை தொலைபேசியில் அழைத்தார். "றோசலின் அக்கா, பெரியக்கா விடியக்காலமை போயிட்டா," என்றார். "எத்தினை மணிக்கு?" என்றுதான் நான் முதலில் கேட்டேன். ஆறுதல் சொல்லாமல் மணி கேட்டதற்காகப் பிறகு வெட்கப்பட்டேன். ஆனால் றெஜினா அவர்கள் அருகில் இருந்திருந்தால், கேட்டது சரியென்றே சொல்லியிருப்பார்.

நாங்கள் இருவரும் ஒரே கன்னியர் மடப் பாடசாலையில் நெடுங்காலம் கற்பித்தோம். நான் ஆங்கிலம், அவர் பௌதிகம். கடற்றொழில் செய்த குடும்பத்தின் மூத்த மகள். மாணவிகள் கிட்டத்தட்டச் சரியான விடையை எழுதினால் அவருக்குக் கோபம் வரும். "உன்ரை கிட்டத்தட்டவை நம்பி எங்கடை அப்பு கடலுக்குப் போயிருந்தால், நான் பிறந்திருக்கமாட்டன் பிள்ளை," என்பார். வகுப்பு சிரிக்கும். அவர் சிரிக்கமாட்டார்.

ஓய்வு பெற்ற பின் கணினியைத் தாமாகவே கற்றார். எங்கள் வீட்டுக் கணினி தடுமாறியபோது அவரைத்தான் அழைத்தேன். என் கணவர் பழைய விண்டோஸை விடமாட்டேன் என்றார். எனக்கு லினக்ஸ் வேண்டும். எங்கள் வழக்கைக் கேட்ட றெஜினா, இரண்டையும் ஒரே கணினியில் ஏற்றித் தந்தார். இயக்கியதும் திரையில் இரண்டு பெயர்கள் வரும்; ஒன்றைத் தெரிவு செய்ய வேண்டும். "ஒராள் உள்ளுக்கை இருக்கேக்கை மற்றாள் வரேலாது. கலியாணமும் இப்பிடியெண்டால் நானும் கட்டியிருப்பன்," என்றார்.

அதன் பிறகு கணினியின் மணிக்கூடு பிழையான நேரம் காட்டத் தொடங்கியது. கணவர் தம் பக்கத்தில் நேரத்தைத் திருத்துவார். உடனே என் பக்கத்தில் நேரம் பிழையாகும். நான் திருத்தினால் அவருடையது பிழையாகும். "உம்மடை சாமான்தான் என்ரை நேரத்தைக் கெடுக்குது!" "உங்கடை கைதான் கெடுக்குது!" இதை றெஜினாவிடம் கேட்க இருவருக்கும் கௌரவம் இடம் தரவில்லை.

ஒரு நாள், வானொலியில் பத்து மணிச் செய்தி தொடங்கிய வேளையில், நான் சமைத்துக்கொண்டிருந்த குசினியில் என் கணவர் என் முன்னால் விழுந்தார். அயலவர்கள் வந்து தூக்க, ஐந்து நிமிடத்துக்குள் வீட்டைப் பூட்டித் திறப்பை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். வழியிலேயே உயிர் பிரிந்துவிட்டது. மூன்று மணிக்கு உடலை வீட்டுக்குக் கொண்டுவந்தோம்.

மூன்று மாதங்களின் பின், கணினியில் என் பக்கத்தில் நான் எழுதாத ஒரு கோப்பைக் கண்டேன். அதில் ஒரே ஒரு வரி: "றோசலின், வீட்டுத் திறப்பு எங்கை?" அது சேமிக்கப்பட்டது அவர் இறந்த அன்று, பிற்பகல் மூன்று ஐம்பதுக்கு. அந்நேரம் அவர் நடு அறையில் பெட்டிக்குள் கிடந்தார். நாங்கள் சுற்றியிருந்து செபமாலை சொல்லிக்கொண்டிருந்தோம்.

எனக்குப் பயத்தைவிட ஆசையே கூடுதலாக இருந்தது. முன்கதவைப் பூட்டாமல் விடத் தொடங்கினேன். தனியே இருக்கும் நான், அவர் வந்தால் கதவு திறந்திருக்கட்டும் என்று வாரக்கணக்காக அப்படி விட்டேன்.

திறந்த கதவால் ஒரு நாள் றெஜினா உள்ளே வந்தார். கோப்பைக் காட்டினேன். பார்த்துவிட்டு, "நீங்கள் ரெண்டு பேரும் ஒராளின்ரை மணிக்கூட்டை ஒராள் திருப்பிக்கொண்டு இருந்திருக்கிறியள்," என்றார். "மெசினுக்குள்ளை மணிக்கூடு ஒண்டுதான். அண்ணையின்ரை விண்டோஸ் பக்கம் அதை எங்கடை நேரமெண்டு வாசிக்கும். உங்கடை லினக்ஸ் பக்கம் கிரீனிச் நேரமெண்டு வாசிச்சு, அஞ்சரை மணித்தியாலத்தைக் கூட்டிக் காட்டும். அண்ணை காலமை தன்ரை பக்கத்திலை நேரத்தைத் திருத்திப்போட்டு, உங்கடை பக்கத்துக்குப் போயிருக்கிறார்."

"அப்ப காலமை எழுதினதோ?"

"ஓம். கழிச்சுப் பாருங்கோ."

அவரே பென்சிலை எடுத்துக் கழித்தார். பத்து இருபது என்று வந்தது. பென்சில் நின்றது. "அண்ணை எத்தினை மணிக்கு விழுந்தவர்?" நான் சொன்னேன். பத்து இருபதுக்கு வீட்டில் ஒருவரும் இல்லை. திறப்பு என் கையில் இருந்தது.

"வானொலி பிந்தியிருக்கும்," என்று நானே சொன்னேன்.

"வானொலி பிந்தாது, அக்கா."

மூன்று முறை கழித்தார். பின்னர் கணினியின் முன் நெடுநேரம் இருந்து எதையெதையோ சோதித்தார். கடைசியில் கண்ணாடியைக் கழற்றினார். "அஞ்சரை மணித்தியாலத்துக்கு நான் பொறுப்பு. இந்த இருபது நிமிசத்துக்கு என்னட்டை விடை இல்லை. இருக்கெண்டு சொன்னால் பொய். உங்களுக்கு நான் பொய் சொல்லமாட்டன்."

அவருடைய முகம் வெளிறியிருந்ததை அன்றுதான் கண்டேன். போகும்போது வாசலில் திரும்பி நின்றார். "ஆர் கேட்டாலும் திறப்பு உங்களட்டைத்தான் இருக்கவேணும். பூட்டுங்கோ." நான் உள்ளிருந்து பூட்டும் சத்தம் கேட்கும்வரை அவர் படியிறங்கவில்லை. அதன் பின் எப்போது தொலைபேசியில் கதைத்தாலும், "பூட்டினனீங்களோ?" என்று கேட்டபின்தான் வைப்பார். நானும் பூட்டியே இருந்தேன்.

எனக்கு ஆறுதல் சொல்ல வந்தவர்கள் பலர். தமக்கு விளங்காததை விளங்கவில்லை என்று என் முகத்தைப் பார்த்துச் சொன்னவர் இவர் ஒருவரே. அந்த நேர்மைதான் என்னைப் பித்துப் பிடிக்காமல் காத்தது.

நேற்றுப் பின்னேரம் அவரை அடக்கம் செய்யச் சேமக்காலைக்குக் கொண்டுபோனோம். மண் போடும் என் முறை வந்ததும் குனிந்து, மற்றவர்களுக்குக் கேட்காமல் சொன்னேன்: "றெஜினா, மிச்ச இருபது நிமிசமும் உமக்கு இப்ப தெரிஞ்சிருக்கும். எனக்கு எழுத வேண்டாம். சமாதானமாய்ப் போம். போயிட்டு வாரும் எண்டு நான் சொல்லமாட்டன்."